லேயில் சார்ஜ் ஏறாத போன்

ஜனவரியில் லடாக் போனபோது மூன்று நாள் என்னைப் படுத்திய சிக்கல் இது. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் படம் எடுக்க வெளியே வந்தால், 38% காட்டிய போன் பட்டென்று அணைந்துவிடும். பவர்பேங்கில் மாட்டினால் மின்னல் குறி வரும், சதவீதம் மட்டும் நகராது.

முதலில் கேபிளை மாற்றினேன். அப்புறம் பின்னணிச் செயலிகளை நிறுத்தினேன், கடைசியில் ஃபேக்டரி ரீசெட்டும் செய்தேன். எடுத்து வைத்திருந்த ஆஃப்லைன் வரைபடங்கள் போனதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள்தான் ஒன்று கண்ணில் பட்டது. அணைந்த போனை அறையில் சும்மா வைத்திருந்து, அரை மணி கழித்து சார்ஜரே இல்லாமல் ஆன் செய்தேன். 35% இருந்தது! சார்ஜ் தீரவே இல்லை. குளிரில் லித்தியம் அயனி பேட்டரியின் உள்தடை (மின்சாரம் பாய்வதற்கு உள்ளே இருக்கும் எதிர்ப்பு) ஏறி, மின்னழுத்தம் சரிந்து போன் அணைகிறது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும் என்பதால், பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் தடுத்துவிடுகிறது.

சரி, அன்றிரவு போனையும் பவர்பேங்கையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். பகலில் இரண்டும் ஜாக்கெட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி. பவர்பேங்கும் லித்தியம்தான், அதையும் சூடாக வைக்க வேண்டும். அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், சூடு அதிகமானால் பேட்டரி கெடும். அதன்பின் ஊர் திரும்பும்வரை ஒருமுறைகூட அணையவில்லை.