ஷாட்கட்டில் கிளிப்புகளை உறுத்தாமல் ஒட்ட

வீட்டு விசேஷ வீடியோக்களை நான் வெட்டி ஒட்டுவது ஷாட்கட்டில்தான். இலவச மென்பொருள், வேண்டியதெல்லாம் இருக்கிறது.

இரண்டு கிளிப்பையும் ஒரே டிராக்கில், அதாவது கீழே கிளிப்புகளை அடுக்கும் ஒரே வரிசையில், அடுத்தடுத்து வையுங்கள். கேமரா ஆடும் தொடக்கத்தையும் முடிவையும் எஸ் விசையால் வெட்டி, எக்ஸ் விசையால் நீக்குங்கள். இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் இரண்டாவது கிளிப்பை இழுத்து முதலாவதன் வால் மீது லேசாக ஏற்றினால் ஒன்று கரைந்து மற்றது வரும். ஒரு நொடி போதும்.

ஆனால் எல்லா இடத்திலும் கரைக்காதீர்கள். காதுகுத்து வீடியோவில் ஆசாரி ஊசியை எடுக்கிறார், அடுத்த ஷாட்டில் குழந்தை வீறிடுகிறது என்றால் அங்கே கரைப்பில்லாமல் சட்டென்று மாறும் நேர்வெட்டுதான் சரி. அவர் கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டுங்கள், ஒட்டு கண்ணில் படாது. மொட்டை முடிந்து பந்தி தொடங்கும் இடத்துக்குக் கரைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைவிடக் காதுதான் ஒட்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். நாதஸ்வரம் பாதியில் அறுந்தால் எந்த வெட்டும் கரடுமுரடாகத்தான் தெரியும். நேர்வெட்டு போட்ட இடத்தில் முதல் கிளிப்பை ரைட் கிளிக் செய்து ஒலியைத் தனியாகப் பிரியுங்கள். அந்த ஒலித்துண்டின் கடைசி முனையை இழுத்து, அடுத்த காட்சியின் கீழ் ஒரு நொடி ஓடவிடுங்கள். அந்த முனையின் மூலையில் இருக்கும் சின்ன வட்டத்தை உள்பக்கம் இழுத்தால் ஒலி மெல்ல அடங்கும்.