போட்டோ பிரிண்டரை எப்ப மாத்தலாம்?

போட்டோல கோடு கோடா விழுந்தா உடனே புது இங்க் வாங்காதீங்க, முதல்ல நாசில் செக் பிரிண்ட் (இங்க் வர்ற துளைங்க எல்லாம் வேலை செய்யுதான்னு கோடு போட்டு காட்டுற டெஸ்ட் பேஜ்) எடுத்து ஹெட் (இங்க்கை பேப்பர்ல தெளிக்கிற பாகம்) கிளீனிங் ரெண்டே தடவை போடுங்க, ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு காலைல திரும்ப செக் எடுத்து பாருங்க. முன்னாடி விடுபட்ட அதே கோடுங்க அதே இடத்துல இன்னும் விடுபட்டிருந்தா, புது ஹெட் விலையையும் ஒரு செட் இங்க் விலையையும் கூட்டி பாருங்க, புது பிரிண்டர் விலைல பாதிக்கு மேல போச்சுன்னா மாத்திடுறது நல்லது.

ஏன்னா ஒவ்வொரு கிளீனிங்லயும் நல்ல இங்க் தான் உறிஞ்சப்பட்டு உள்ள இருக்கிற வேஸ்ட் பேடுக்கு (வீணாகுற இங்க்கை உறிஞ்சி வச்சுக்கிற பஞ்சு) போகுது, அஞ்சாறு தடவை போட்டா இங்க்கும் காலியாகும், பேடும் சீக்கிரம் நிரம்பிடும். ராத்திரி விட்டா காத்துக் குமிழி அடங்கும், காஞ்ச இங்க்கும் கொஞ்சம் இளகும், அதுக்கும் அடங்கலன்னா ஹெட்டே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கார்ட்ரிட்ஜ்லயே ஹெட் இருக்கிற மாடலுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், கார்ட்ரிட்ஜ் மாத்தினாலே புது ஹெட் வந்துடும். வேஸ்ட் பேட் நிரம்பிடுச்சுன்னு மெசேஜ் வந்தாலும் பிரிண்டரை தூக்கிப் போடாதீங்க ப்ளீஸ், நிறைய மாடல்ல பேடை மட்டும் மாத்திக்கலாம். நாசில் செக் முழுசா வந்தும் கலர் மட்டும் மாறி இருந்தா பேப்பர் செட்டிங்கை பாருங்க.