கோட் ஃபார்மேட்டிங்: காவலுக்கு சிஐ இருக்கட்டும்

ஒரு பைத்தான் ப்ராஜெக்ட்டில் நாலு பேர் கை வைத்தால் ஒருவர் ஒற்றை மேற்கோள் போடுவார், இன்னொருவர் இரட்டை போடுவார். ரிவ்யூ நேரம் இதிலேயே கரையும். கோடைத் தானாக ஒரே ஸ்டைலுக்கு மாற்றும் பிளாக் ஃபார்மேட்டரை வைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. அதன் வரி நீளம் 88 எழுத்து. அப்படியே விட்டுவிடுங்கள், 100-ஆ 120-ஆ என்று மீட்டிங் போடுவதற்கா ஃபார்மேட்டர்?

முதலில் வெர்ஷனைப் பூட்டுங்கள். பிளாக்கின் ஸ்டைல் ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி வாக்கில் வரும் ரிலீஸில் மாறும். லேப்டாப்பில் ஒரு வெர்ஷன், சிஐ-யில் (கோட் புஷ் ஆனதும் தானாகச் செக் ஓட்டும் சர்வர்) வேறொன்று என்றிருந்தால் யாரும் தொடாத ஃபைல் திடீரென்று ஃபெயில் ஆகும். கமிட்டுக்கு முன் செக்குகளை ஓட்டும் ப்ரீ-கமிட் டூலின் கான்ஃபிக்கில் 'ரெவ்' என்ற இடத்தில் எண்ணைக் குறித்து, சிஐ-யிலும் அதே ப்ரீ-கமிட்டை 'ஆல்-ஃபைல்ஸ்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எண் ஒரே இடத்தில் இருக்கும்.

அடுத்தது பெரிய வேலை: மொத்த ரெப்போவையும் ஒரே கமிட்டில் ஃபார்மேட் செய்வது. திறந்து கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்களை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் கான்ஃப்ளிக்ட் கொட்டும். அந்தக் கமிட்டில் கையால் செய்த மாற்றம் ஒரு வரிகூடச் சேரக் கூடாது. பிறகு அதன் 40 எழுத்து ஹாஷை (கமிட்டின் அடையாளம்) 'கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' ஃபைலில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் வசதி) பார்க்கும்போது பாதி வரிகளுக்கு ஃபார்மேட் செய்தவர் பெயர்தான் வரும். கிட்ஹப் இந்த ஃபைலைத் தானே படித்துக்கொள்ளும்; லோக்கலில் கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், கான்ஃபிக்கிலும் ஒருமுறை சொல்லவேண்டும். பலரும் வழுக்குவது இங்கேதான்: ஸ்குவாஷ் மெர்ஜ் (கமிட்களை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்தால் ஹாஷ் மாறிவிடும். மெர்ஜ் ஆனபின் மெயினில் இருக்கும் ஹாஷை எடுத்துத் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

ரெப்போவை க்ளோன் செய்பவர் ஒவ்வொருவரும் 'ப்ரீ-கமிட் இன்ஸ்டால்' ஒருமுறை ஓட்டவேண்டும். அதன்பின் கமிட் அடிக்கும்போது தானாக ஓடும் ஹூக், உங்கள் ஃபைலைத் திருத்தினால் கமிட் நின்று 'ஃபெயில்ட்' என்று சிவப்பில் வரும். புதிதாக வந்தவர் பதறிப்போவார். ஒன்றும் உடையவில்லை, திருத்தியதை மறுபடி ஆட் செய்து கமிட் அடித்தால் போகும்.

ஆனால் ஹூக்கை நம்பி இருக்காதீர்கள். 'நோ-வெரிஃபை' போட்டு யாரும் தாண்டிவிடலாம். சிஐ செக்கை பிராஞ்ச் ப்ரொடெக்ஷனில் (மெர்ஜுக்கு விதி வைக்கும் கிட்ஹப் செட்டிங்) கட்டாயமாக்குங்கள். அதைச் செய்யாத வரை சிவப்பு எக்ஸ் தெரியும், மெர்ஜ் பட்டனும் வேலை செய்யும்.

இம்போர்ட் வரிகளை அடுக்கும் ஐசார்ட் டூலும் கூடவே இருந்தால் அதன் ப்ரொஃபைலை 'பிளாக்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்று மடித்த இம்போர்ட்டை இன்னொன்று பிரிக்கும். கமிட் எத்தனை முறை அடித்தாலும் நகராது.