இதயப் புள்ளி மரங்கொத்தியை அடையாளம் காண்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இதைத் தேடும்போது முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள். சுமார் 16 செ.மீ. நீளம்தான், ஆனால் கொண்டை வைத்த பெரிய தலை, மெல்லிய கழுத்து, பாதியில் வெட்டிவிட்ட மாதிரி குட்டை வால், இவை சேர்ந்து உச்சிக்கிளையில் நிழலுருவாகத் தெரிந்தால்கூட ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் சிறகு: வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளைப் பட்டையில் இதய வடிவக் கரும்புள்ளிகள், பெயருக்குக் காரணமே அவைதான். தொலைநோக்கி இல்லாமல் அவை தெரிவது கஷ்டம்.

ஆணா பெண்ணா? நெற்றியைப் பாருங்கள். ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்கு வெளிர்நிறம். சிவப்புக் கொண்டையைத் தேட வேண்டாம், இரண்டுக்குமே கிடையாது. பெரும்பாலும் ஜோடியாகத்தான் திரியும், அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டால் பக்கத்து மரத்தையும் கவனியுங்கள்.