பிலிப்பைன்ஸ் பலெங்கேல மீன், காய்கறி வாங்குறது எப்படி: புதுசா வந்த நம்ம ஆளுங்களுக்கு

டாவாவ்ல எம்பிபிஎஸ் படிக்க வந்த பசங்களும் சரி, மணிலாக்கு வேலைக்கு வந்து குடும்பத்தோட இருக்குறவங்களும் சரி, ஆரம்பத்துல மால்ல இருக்குற சூப்பர் மார்க்கெட்டையே சுத்தி சுத்தி வருவாங்க, மாசக் கடைசில பர்ஸ் காத்தாடுறப்பதான் பலெங்கே ஞாபகம் வரும். பலெங்கேன்னா ஊரோட பொது மார்க்கெட், பெரும்பாலும் அந்தந்த சிட்டி இல்லைன்னா முனிசிபாலிட்டியோடது, கடைக்காரங்க வாடகை கட்டி ஸ்டால் வச்சிருப்பாங்க. புது ஊர்ல அது எங்க இருக்குன்னு தெரியலன்னா பெரிய சர்ச் எங்கன்னு தேடிப் போங்க, ஸ்பானிஷ் காலத்துல உருவான ஊர்னா சர்ச், பிளாசா, முனிசிபல் ஆபீஸ், மார்க்கெட் எல்லாமே நடக்குற தூரத்துலதான் இருக்கும்.

காலைல அஞ்சு ஆறு மணிக்குள்ள போயிடுங்க. மீனும் கறியும் அப்போதான் ஃப்ரெஷ், பத்து மணிக்கு மேல ஐஸ் உருகி எல்லாம் சோர்ந்து போயிருக்கும். சாயங்காலம் போனா காய்கறி மட்டும் சல்லிசா கிடைக்கும், கூறு கட்டி வச்சிருப்பாங்க, வீட்டுக்குப் போற அவசரத்துல ரெண்டு கூறு சேர்த்து ஒரு விலைக்குத் தள்ளிவிடுவாங்க. கால்ல பழைய ரப்பர் செருப்பு போதும், ஏன்னா மீன், கறி விக்கிற ஈரப் பகுதில தரை எப்பவும் தண்ணிதான், மீன் கழுவுன தண்ணி, ஐஸ் தண்ணி, கடைக்காரர் வாளியோட ஊத்துற தண்ணி. ஷூ போட்டுட்டு வந்து நாறுதுன்னு புலம்பாதீங்க. பையும் கொண்டு போங்க, பல ஊர்ல பிளாஸ்டிக் பைக்கு தடை இருக்கு, அந்தக் கால ஓலைப்பை பயோங் இப்பவும் வாசல்லயே விப்பாங்க, நல்லா உழைக்கும்.

பணம் சில்லறையா எடுத்துட்டுப் போங்க. காலங்காத்தால ஆயிரம் பீசோ நோட்டை நீட்டுனா அந்த அக்கா பக்கத்து நாலு கடைல சில்லறை கேட்டு அலைவாங்க, உங்க மேல வர்ற முதல் அபிப்பிராயமே அவ்ளோதான். 2022ல இருந்து பலெங்கே கடைகளை க்யூஆர் பேமென்ட்டுக்குக் கொண்டு வர்ற அரசாங்கத் திட்டம் ஒண்ணு ஓடுது, பாகியோ மார்க்கெட்லதான் முதல்ல ஆரம்பிச்சாங்க, ஆனா மீன் கடைல ஈரக் கையோட நிக்கிறவங்க கிட்ட காசுதான் வசதி.

பேச்சு ரொம்ப முக்கியம். மணிலா பக்கம் உங்களை விட வயசு கொஞ்சம் கூட இருக்குற பொம்பளைங்களை ஆத்தே, ஆம்பளைங்களை குயா, நல்லா வயசான அம்மாவை நானாய்னு கூப்பிடுங்க. விலை கேக்க "மக்கானோ போ", கடைசில வர்ற அந்த போ மரியாதைக்கு, அதை முழுங்கிடாதீங்க. சிபு, டாவாவ் பக்கம் பேச்சு பிசாயா, அங்க "தக்பிலா"ன்னு கேட்டாலே முகம் மலர்ந்துடும்.

உள்ள போனா ஈரம் ஒரு பக்கம், காஞ்ச சரக்கு ஒரு பக்கம். காய்கறில நமக்கு கவலையே இல்ல, கத்தரிக்கா, வெண்டைக்கா, பாகக்கா, சுரைக்கா, பீர்க்கங்கா, முருங்கைக்கீரை, புளி எல்லாம் சாதாரணமா கிடைக்கும், கறிவேப்பிலைக்குத்தான் அலையணும். சினிகாங் புளிக்குழம்புக்கு தேவையான காயெல்லாம் ஒரே கட்டா போட்டு வச்சிருப்பாங்க, தனியா சமைக்கிற பசங்களுக்கு அது வரம், அதையே சாம்பார்ல போட்டாலும் யாரும் கேக்கப் போறதில்ல. தேங்காயை கண்ணு முன்னாடியே மெஷின்ல துருவித் தருவாங்க. இன்னொரு விஷயம், ரெண்டு பல் பூண்டு, கால் பாட்டில் வினிகர், ஒரு சின்ன பொட்டலம் எண்ணெய், இப்படி அன்னன்னைக்கு வேணுங்கிற அளவு மட்டும் வாங்கலாம், திங்கின்னு சொல்லுவாங்க. தினக்கூலி வாங்குறவங்க அதிகமா இருக்குற ஊர்ல இதுதான் சமையலை ஓட்டுது, அதனால கொஞ்சமா கேக்க கூச்சப்படவே வேணாம்.

மீன்ல செவுள் சிவப்பா, கண்ணு தெளிவா, அழுத்துனா குழி விழாம இருக்கணும், இது நம்ம ஆளுங்களுக்கு சொல்லித் தரவே வேணாம். பங்குஸ்னு விக்கிறது நம்ம பால்கெண்டை, டகுபான் பங்குஸ்னா தனி பேரு, ஆனா முள்ளு எக்கச்சக்கம், கேட்டா முள்ளு எடுத்துத் தருவாங்க, கேளுங்க. கலுங்கோங்தான் சாதாரண ஜனங்க மீன், அது விலை ஏறுனா டிவில நியூஸ் வரும், எலக்ஷன்ல கூட பேசுவாங்க. வடக்கு பலவான் கடல்ல நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அந்த மீனுக்கு தடைக்காலம், அப்போ விலை ஏறுச்சுன்னா கடைக்காரம்மா கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. புயல் வந்தா காய்கறிக்கும் அதே கதைதான், பெங்கெட் மலைல இருந்து வர்ற கோஸ், கேரட் லாரியெல்லாம் மண்சரிவுல மாட்டிக்கும். கறி வாங்கும்போது இன்ஸ்பெக்ஷன் முத்திரை இருக்கான்னு பாருங்க, நோயில செத்த பன்னியை வெட்டி விக்கிறதுக்கு போச்சான்னு பேரு, ரேட் ரொம்ப கம்மியா நிறம் வெளுத்து நாத்தத்தோட இருந்தா தொடாதீங்க.

எடைல சந்தேகம் வந்தா அங்கயே கத்த வேணாம், மார்க்கெட்டுக்குள்ள பொதுத் தராசு ஒண்ணு இருக்கணும், திம்பாங்கான் நங் பாயன்னு போர்டு போட்டிருக்கும், எல்லா மார்க்கெட்லயும் இது வேணும்னு 2022ல தனி சட்டமே போட்டாங்க. வாங்குன பையை அதுல வச்சுப் பாருங்க, குறைஞ்சா மார்க்கெட் ஆபீஸ்ல சொல்லலாம்.

இப்போ பேரம். அட்டைல விலை எழுதி வச்ச அரிசிலயும் பத்து இருபது பீசோ கூறுலயும் பேரம் பேசாதீங்க, அசிங்கமா இருக்கும். மீன், கறி, பழம், துணில பேசலாம், ஆனா பாதி விலைக்குக் கேக்குற பழக்கத்தை ஏர்போர்ட்லயே விட்டுட்டு வாங்க, அஞ்சு பத்து குறைச்சா சந்தோஷமா வாங்கிட்டுப் போங்க. காலைல முதல் போணி நீங்கன்னா லேசா குறைச்சே கொடுப்பாங்க, அந்த நோட்டை வாங்கி கடைல இருக்குற சரக்கு மேலெல்லாம் தட்டுவாங்க, அன்னைக்கு வியாபாரம் ஓடணும்னு. அந்த நேரத்துல போய் விலை கேட்டு அரை மணி நேரம் இழுத்துட்டு வாங்காம போறவன் ரொம்ப மோசமானவன்.

ஆனா நான் சொல்லுவேன், பேரத்தை விட பெரிய வித்தை சூக்கி பிடிக்கிறது. ஒரே ஆள் கிட்ட திரும்பத் திரும்ப வாங்குனா நீங்க அவங்களுக்கு சூக்கி, அவங்க உங்களுக்கு சூக்கி, ரெண்டு பக்கமும் அதே பேருதான். அப்புறம் நீங்க விலையே கேக்க வேணாம், அவங்களே குறைப்பாங்க, ரெண்டு மீன் கூட போடுவாங்க, "இன்னைக்கு இது வேணாம், நேத்து சரக்கு"ன்னு அவங்களே தடுப்பாங்க, அதுக்கு எந்த டிஸ்கவுன்ட்டும் ஈடாகாது. உங்களுக்குப் பிடிச்சதை எடுத்து வச்சிருப்பாங்க, காசு பத்தலன்னா நோட்டுல எழுதிக்குவாங்க. பதிலுக்கு நீங்க பண்ண வேண்டியது, பக்கத்து கடைல மூணு பீசோ கம்மின்னு கண்ணு முன்னாடியே தாவி ஓடாம இருக்குறது, எழுதின கடனை சொன்ன நாள்ல அடைக்கிறது. நாலு பேரு கிட்ட போதும், மீனுக்கு ஒருத்தர், கறிக்கு ஒருத்தர், காய்க்கு ஒருத்தர், அரிசிக்கு ஒருத்தர். எந்த டாக்டர் நல்லவரு, எந்த தெருவுல ரூம் காலியா இருக்கு, யார் வீட்டுல சாவு, எல்லாம் இந்த நாலு கடைலயே தெரிஞ்சிடும், நான் ரூம் மாத்துனதே மீன்காரம்மா சொல்லித்தான்.

கடன்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். உங்க மூஞ்சியைப் பார்த்து யாராவது "பும்பாய்"னு சிரிச்சா டென்ஷன் ஆகாதீங்க. மார்க்கெட்ல ஃபைவ் சிக்ஸ்னு ஒரு வட்டித் தொழில் இருக்கு, அஞ்சு வாங்குனா ஆறு கட்டணும், பைக்ல வந்து தினம் வசூல் பண்றவங்கள்ல பஞ்சாபி ஆளுங்க அதிகம், அதனால இந்தியன்னாலே வட்டிக்காரர்னு ஒரு நினைப்பு. "கடன் கொடுக்க வரல ஆத்தே, கடன் வாங்கத்தான் வந்தேன்"னு நான் சொல்லுவேன், கடையே சிரிக்கும், பல சூக்கி அப்படித்தான் கிடைச்சாங்க.

பசிச்சா உள்ளயே காரிந்தெரியான்னு சின்ன சாப்பாட்டுக் கடை இருக்கும், பாத்திரத்தைக் காட்டி கேட்டா போதும். சைவம்னா மட்டும் உஷாரா இருங்க, பாக்க வெறும் காயா தெரியுறதுல கூட இறால் பேஸ்ட்டோ பன்னிக்கறியோ கிடக்கும், கேட்டுட்டே சாப்பிடுங்க. இலோய்லோ பக்கம் போனா லா பாஸ் மார்க்கெட்ல பட்சோய் நூடுல்ஸ் சூப், பன்னி சாப்பிடுறவங்க விடக்கூடாது. சிபுல கருவாடுக்கு தபோவன் மார்க்கெட், துணி நாறும், பரவால்ல. மணிலால தம்பா மாதிரி இடத்துல மீனை ஒரு கடைல வாங்கி இன்னொரு கடைல சமைக்கக் கொடுக்கலாம், சமையல் கூலி தனி, எடைக்கு எவ்ளோன்னு முன்னாடியே பேசிடுங்க. பரன்யாக்கேல புலுங்கான்னு ஒரு மீன் மார்க்கெட் இருக்கு, அங்க ஏலத்துல விலையை சத்தமா கத்த மாட்டாங்க, ஏலக்காரர் காதுல கிசுகிசுப்பாங்க, யாரு கூட சொன்னாங்களோ அவங்களுக்கு சரக்கு.

காலண்டரையும் பாருங்க. டிசம்பர் 31ல வீட்டுக்கு பன்னெண்டு வகை உருண்டைப் பழம் வைக்கிற பழக்கம், அதனால அந்த வாரம் பழ விலை எகிறும், முன்னாடியே வாங்கிடுங்க. புனித வாரத்துல கறி சாப்பிடாம மீனுக்கு மாறுவாங்க, மீன் விலை ஏறும், புனித வெள்ளி அன்னைக்கு நிறைய கடை மூடியிருக்கும், புதன்கிழமையே வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. படிப்பு முடிஞ்சு கிளம்புறப்ப சூக்கி நோட்டுல பாக்கி இருந்தா கட்டிட்டு, அடுத்து வர்ற ஜூனியரைக் கூட்டிட்டுப் போய் இவன் என் தம்பின்னு காட்டி விட்டுடுங்க, அவனுக்கு முதல் நாள்லயே உங்க ரேட் கிடைக்கும்.