வேட்பாளரின் தேர்தல் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். மக்களவை வேட்பாளர் என்றால் 95 லட்சம். தேர்தல் ஆணையம் 2022 ஜனவரியில் அறிவித்த வரம்பு இது. இதை மீறுவது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை. கணக்கைச் சரிபார்க்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. இந்தச் சரிபார்ப்பில் முதன்முறையாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எல்லா முக்கிய வேட்பாளர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்

பிடிக்காதவரை மட்டும் துருவுவது கட்சி வேலை. நீங்கள் வாக்களிக்க நினைப்பவரின் பெயர்தான் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். ஒரு சுயேச்சையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. விலைப்பட்டியலை வாங்குங்கள்

டீ, சாப்பாடு, நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி, வாடகைக் கார் என ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கலந்துபேசி விலை நிர்ணயிக்கிறார். மாவட்டத் தேர்தல் அலுவலர் என்பவர் ஆட்சியர்தான். வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரையிலான செலவே கணக்கில் வரும்.

3. கூட்டங்களுக்குப் போய் எண்ணுங்கள்

உண்மையான வேலை இங்கேதான். நாற்காலிகள், பேனர்கள், கொடிகள், எல்இடி திரை, வண்டிகளின் பதிவெண்கள், மேடையின் அளவு ஆகியவற்றை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். தேதி தெரியும்படி படம் எடுங்கள். தேர்தல் அலுவலகத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுவும் இதையே படம் பிடிக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு குழு எண்ண, கணக்குக் குழு அதை நிழல் பதிவேட்டில், அதாவது வேட்பாளர் தரும் கணக்கோடு ஒப்பிட அலுவலகம் தனியாக வைக்கும் பதிவேட்டில் ஏற்றுகிறது. குழு வராத கூட்டத்துக்கு உங்கள் குறிப்பு பெரிதும் உதவும்.

நட்சத்திரப் பேச்சாளர் (கட்சி தன் பிரசாரத்துக்கென அறிவித்த தலைவர்) வந்தால் கவனம் தேவை. அவருடைய பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது. ஆனால் வேட்பாளர் அதே மேடையில் நின்றாலோ, அவருடைய பெயரோ படமோ அங்கே வைக்கப்பட்டிருந்தாலோ, கூட்டச் செலவு அவர் தலையில் விழும். பல வேட்பாளர்கள் நின்றால் பங்கு பிரியும். எனவே மேடையில் யார் யார் இருந்தார்கள் என்று தெளிவாக எழுதுங்கள்.

வாக்குக்குப் பணம் கொடுப்பதைக் கண்டால் அதை இந்தக் குறிப்பேட்டில் சேர்த்துவைத்துக் காத்திருக்காதீர்கள். அது வரம்புக்குள் இருந்தாலும் குற்றம்தான். தேர்தல் ஆணையத்தின் கைபேசிப் புகார் வசதியான சி-விஜிலில் உடனே அனுப்புங்கள். 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் தரும் உறுதி. பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம். 2019இல் பணப் பறிமுதலுக்குப் பிறகு வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது.

4. கணக்கைப் பாருங்கள்

முடிவு வந்த 30 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்கு தர வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தினால் யாரும் அதைப் பார்வையிடலாம்; தனிக் கட்டணம் கட்டிச் சான்றளித்த நகலும் பெறலாம். பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. நீங்கள் எண்ணிய கூட்டம் இருக்கிறதா, விலை பட்டியலோடு ஒத்துப்போகிறதா, ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5. புகார் எழுதுங்கள்

கண்டது, கணக்கில் இருப்பது, வித்தியாசம் என்ற மூன்று பத்திகள் போதும். ஊகத்தைத் தவிர்த்துவிடுங்கள். எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே படிவம். மாவட்டத் தேர்தல் அலுவலருக்குக் கொடுத்து, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள். கணக்கில் குறை இருப்பதாக ஆணையம் கருதினால், வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் தர 20 நாள் அவகாசம் கொடுக்கும். அந்த வாய்ப்பை நீங்களும் மதிக்க வேண்டும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் அதே 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு தகுதியிழப்பு.

நடைமுறையில் இந்தப் பிரிவில் சிக்குவோர் பெரும்பாலும் கணக்கே தராத எளிய வேட்பாளர்கள். அழகாகத் தட்டச்சு செய்த பொய்க்கணக்கைப் பிடிப்பது கடினம். உத்தரப் பிரதேசத்தின் பிசவுலி எம்எல்ஏ உமலேஷ் யாதவ், 2007 தேர்தலில் பணம் கொடுத்து வெளியிட்ட செய்திகளின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011இல்தான் தகுதியிழந்தார். எதிர்த்துத் தோற்றவரின் விடாப்பிடியான புகாரில் தொடங்கிய வழக்கு அது. கணக்கு உண்மையானதா என்று விசாரிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதை மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. புகாரில் அந்தத் தீர்ப்பைத் தயங்காமல் குறிப்பிடுங்கள்.

கட்சிகளின் செலவுக்கு வரம்பே இல்லை என்பது இந்தச் சட்டத்தின் பெரிய அநீதி. வேட்பாளர் கணக்குகளைச் சரிபார்ப்பதால் அதைச் சரிசெய்ய முடியாது. கட்சியின் பொது விளம்பரங்களைத் தனித் தாளில் குறியுங்கள், வேட்பாளர் கணக்கோடு கலக்காதீர்கள்.

கடைசியாக ஒரு தேதி. வெற்றியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய 45 நாட்கள்தான். தொகுதியின் வாக்காளரோ வேட்பாளரோ மட்டுமே செய்ய முடியும். கணக்கு 30ஆம் நாள் வந்தால் மிச்சம் 15 நாட்கள். ஆகவே நகல் கேட்கும் விண்ணப்பத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள்.