டயல் வைத்த ரேசரில் சவரம்: கழுத்தைக் கிழித்துக்கொள்ளாமல் தொடங்குவது எப்படி

பல பிளேடுகள் அடுக்கிய கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுப்படியாகாமல்தான் பெட்டிக்கடை பிளேடுக்குத் திரும்பினேன். சாதாரண ரேசர் வாங்கியிருக்கலாம். ஆசை விடவில்லை, டயல் வைத்ததை வாங்கினேன். டயலைத் திருப்பினால் பிளேடுக்கும் அதன் கீழே உள்ள தடுப்புக்கும் நடுவிலான இடைவெளி கூடும், குறையும். மெர்க்கர் ப்ரோக்ரெஸில் 1 முதல் 5 வரை எண்கள். 1950களின் கடைசியில் வந்த ஜில்லெட் ஃபேட்பாயில் 9 வரை உண்டு. எண் கூடினால் இடைவெளி கூடும், அவ்வளவுதான். ஒரு ரேசரின் 3 இன்னொன்றின் 3 ஆகாது.

முகம் கழுவுவது, பிரஷில் நுரை எழுப்புவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நேராகப் பிளேடு மாட்டுவதற்கு வருகிறேன். நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

என் ரேசரில் கைப்பிடியின் அடியில் உள்ள குமிழைத் தளர்த்தினால் தலைமூடி தனியாக வந்துவிடும். பிளேடின் குட்டையான இரு ஓரங்களை மட்டும் பிடித்து மூடியில் வையுங்கள். மூடியைப் பொருத்தி, குமிழை இறுக்கி, டயலை 1இல் நிறுத்துங்கள். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாம் நாளே 1இல் வைத்து மழித்தும் கழுத்தில் நான்கு இடத்தில் ரத்தம். பிளேடைக் குறை சொன்னேன், மாற்றினேன், மறுபடியும் ரத்தம். ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: மூடியின் ஓர் ஓரத்தில் மெல்லிய கோடு, அடிப்பாகத்திலும் அதேபோல ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் வரவேண்டும். நான் மூடியைப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தேன். டயல் 1 என்று காட்டியது, இடைவெளியோ வேறு கணக்கில் இருந்தது.

கோடு சரியாக அமர்ந்தாலும் வேலை முடியவில்லை. மூடி இடம் வலமாகச் சற்று ஆடும். விரலால் நடுவில் நிறுத்திக்கொண்டே இறுக்குங்கள். பிறகு ரேசரைக் கண்ணுக்கு நேராக, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் தளர்த்தி மறுபடி மாட்டுங்கள். சோம்பல்பட்டால் கழுத்துதான் பதில் சொல்லும்.

இனி சவரம். மூடியைக் கன்னத்தில் படியவைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். முடி அறுபடும் சரசரப்புக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள், அதுதான் கோணம். அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே போதும். முதல் வாரம் முழுக்க 1இலேயே, முடி வளரும் திசையில் மட்டும். கழுத்தில் முடி பக்கவாட்டில் வளர்ந்திருக்கலாம். தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கை பழகிய பிறகு என் முறை இது: முதல் சுற்று 3, மறுபடி நுரை போட்டுக் குறுக்காக 2, எங்காவது சொரசொரப்பு மிச்சமிருந்தால் 1. முடி குறையக் குறைய எண்ணும் குறைகிறது. பலர் தலைகீழாகச் செய்து எரிச்சலை வாங்கிக்கொள்கிறார்கள். நான்கு நாள் தாடி என்றால் 1இல் முடி அடைத்துக்கொள்ளும், அப்போது எண்ணைக் கூட்டத்தான் வேண்டும்.

பிளேடில் செவன் ஓ கிளாக் எனக்குப் போதும். ஜப்பானின் ஃபெதர் மகா கூர்மை. முதல் மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆஃப்டர் ஷேவுக்குக் காசு செலவழிக்க மாட்டேன். ஈரமுகத்தில் ஒரு தேய்ப்புப் படிகாரம், அப்புறம் பச்சைத் தண்ணீர். தீர்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள், அள்ளுபவர் கை கிழியும். சேர்த்து வைக்க, மூடியில் பிளேடு நுழையக் கீறல் போட்ட பழைய தகர டப்பா ஒன்று போதும்.

பின்சேர்க்கை: நுரை நிற்கவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவர் வீட்டிலும் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துதான் போகும். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டயல் இறுகிவிட்டால் குறடு போடாதீர்கள். பிளேடை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். என்னுடையதில் சோப்புப் படிவு வெள்ளையாகக் கரைந்து வந்தது.